அடியில்லாத ஷூவுக்கு ஒரு வெப்சைட்

“முழு ஷூ ஒண்ணாச்சும் போட்டோ எடுத்து அனுப்புங்க மேடம். நீங்க அனுப்பினது எல்லாமே பாதிதான் இருக்கு” என்றாள் ஹேமலதா போனில். வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டிலிருந்தபடியே வெப்சைட் செய்து கொடுப்பவள்.

“பாதிதான் நாங்க செய்றோம்” என்றாள் ஹஃப்ஸா. இதை எத்தனையாவது முறையாகச் சொல்கிறோம் என்பது அவளுக்கே மறந்துவிட்டது. “மேல் பாகம் மட்டும். அப்பர். அடி ஒட்டறதெல்லாம் பெரிய கம்பெனியில.”

“அப்ப அடியில்லாத ஷூவையா முதல் பக்கத்துல போடறது?”

ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த அந்த ஷெட்டில் ஹஃப்ஸாவின் அப்பா மஹபூப் பாஷாவும் அவர் தம்பி தௌசீப் அகமது சாச்சாவும் ஒரே ஒரு ஏற்றுமதி கம்பெனிக்குத்தான் தைத்துக் கொடுத்து வந்தார்கள். அந்தக் கம்பெனி இப்போது சொந்தமாகவே தையல் கூடம் கட்டிக்கொண்டிருந்தது. ரம்ஜான் முடிந்ததிலிருந்து ஷெட்டின் இரண்டாவது லைன் ஓடவில்லை. அந்த லைனில் தைத்த பெண்களில் பாதிப் பேர் வேறு ஷெட்டுகளுக்குப் போய்விட்டார்கள்.

சென்னைத் தோல் கண்காட்சியில் போர்ச்சுகல்காரர் ஒருவரிடம் ஹஃப்ஸா பேச்சுக் கொடுத்திருந்தாள். திங்கட்கிழமைக்குள் வெப்சைட் முகவரி வர வேண்டும், அதைப் பார்த்துத்தான் ஆம்பூரில் எந்தெந்தத் தொழிற்சாலைக்குப் போவது என்று முடிவு செய்வோம் என்று சொல்லிவிட்டு அவர் போயிருந்தார். வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. வெப்சைட்டில் ஷெட்டின் பெயரைத் தவிர வேறெதுவும் இல்லை.

“யாருக்குத் தைக்கிறோம்னு பேரு போடக் கூடாது. கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கேன்” என்றார் மஹபூப் பாஷா.

“போடலப்பா. நம்ம மாடல்ஸ்?”

“எல்லாம் அவங்க டிசைன். ஒரு போட்டோ வெளிய போச்சுன்னா நாளைக்கே லாரி வராது.”

அது நியாயம்தான். ஹஃப்ஸா அந்தப் பக்கத்தையும் எடுத்துவிட்டாள்.

“மெஷின் எத்தனை இருக்குன்னு போடலாமா?”

“எதுக்கு? பக்கத்து ஷெட்டுக்காரன் பாக்கறதுக்கா?”

“அவரு மச்சான்தான்பா நம்ம மெஷினுக்கு சர்வீஸ் பண்றாரு. அவருக்குத் தெரியாததா?”

“தெரியறது வேற. நாமளே சொல்றது வேற.”

போன் நம்பர் போட்டால் சந்தா கேட்டு வருவார்கள். கட்டடத்தின் போட்டோ போட்டால் கண் பட்டுவிடும். விலாசம் போட்டால் எவனெவனோ வருவான். வர வேண்டும் என்றுதானே போடுகிறோம் என்று ஹஃப்ஸா கேட்டதற்கு, “வர்றவன் மட்டும் வந்தா பரவால்ல” என்றார்.

சாச்சாவுக்கு வேறொரு யோசனை இருந்தது. “ஒரு வெள்ளக்காரன் கை குடுக்கற மாதிரி பெருசா ஒரு படம் போடு. கம்ப்யூட்டர்ல கிடைக்குமாமே.”

“எந்த வெள்ளக்காரன், சாச்சா?”

“யாரோ ஒருத்தன். போர்ச்சுகல்காரன் வந்து இது யாருன்னா கேக்கப் போறான்?”

“அதைத்தான் முதல்ல கேப்பான்!”

“இன்னாமா சும்மா பேஜார் பண்ற” என்று சாச்சா தொழுகைக்குக் கிளம்பினார்.

மாலையில் ஹேமலதா அனுப்பிய மாதிரியில் நீல வானமும், தரமே எங்கள் உயிர்மூச்சு என்ற ஒரு வரியும் இருந்தன. தண்ணி கேன் போடுகிறவர்களுக்குக்கூட அது பொருந்தும்.

மறுநாள் காலை, தைத்த அப்பர்களைச் சரிபார்க்கும் மேசையருகே நின்றபோதுதான் ஹஃப்ஸாவுக்கு அது தோன்றியது. சரக்கைப் பார்க்க வருகிற எந்த வெளிநாட்டுக்காரனும் அப்பரின் வெளிப்பக்கத்தை முதலில் பார்ப்பதில்லை. உள்ளே புரட்டி லைனிங் ஓரத்தைத் தடவுவான், தோலை மெலிதாகச் சீவி மடித்த இடத்தை நகத்தால் நிமிண்டுவான். அவள் பத்துப் பன்னிரண்டு அப்பர்களைப் புரட்டிப் போட்டு, உள்பக்கத் தையலை மட்டும் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்தாள்.

“இது எந்த மாடல்னு சொல்லுங்க, பாக்கலாம்” என்று போனை அப்பாவிடம் நீட்டினாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தெரியல.”

“அப்ப போடலாம்ல?”

அவர் பதில் சொல்வதற்குள் அவருடைய போன் அடித்தது. பெரிய கம்பெனியின் மேனேஜர் ஜெயசீலன். அவர் குரல் வெளியே நன்றாகவே கேட்டது. “இன்னா பாய், வெப்சைட்லாம் பண்றீங்களாமே! எங்களை விட்டுட்டு நேரா ஏத்துமதியா?”

“சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்” என்று சிரித்தார் மஹபூப் பாஷா. “பொண்ணு ஏதோ காலேஜ் ப்ராஜெக்ட் பண்ணுது.”

ஹஃப்ஸா கல்லூரி முடித்து ஆறு வருடமாகிறது. ஆறு வருடமாக இந்த ஷெட்டிலிருந்து அவள் கண்ணில் படாமல் ஒரு பெட்டி வெளியே போனதில்லை. தன் போனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வெளியே போய் ஹேமலதாவை அழைத்தாள்.

“இப்ப அனுப்பற படத்தை எல்லாம் போட்டுடுங்க. முழு விலாசம், என் பேரு, என் நம்பர். இன்னிக்கே திறந்துடுங்க.”

“அப்பாகிட்ட கேட்டாச்சா மேடம்? திரும்ப மாத்தச் சொல்ல மாட்டீங்களே?”

“மாத்த மாட்டேன்.”

திரும்பினால் மஹபூப் பாஷா வாசலில் நின்றுகொண்டிருந்தார். “கேக்காமலே பண்ணிட்ட.”

“வாரம் பூரா கேட்டுக் கேட்டுத்தான் பண்ணேன். நம்ம பேரு ஒண்ணுதான் மிஞ்சிச்சு. இப்ப அதையும் காலேஜ் ப்ராஜெக்ட்னு சொல்லிட்டீங்க.”

அவர் திரும்பி உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை போர்ச்சுகல்காரரிடமிருந்து தகவல் வந்தது. தையல் படங்களைத் தலைமை அலுவலகத்தில் பார்த்தார்கள், வியாழக்கிழமை வருகிறேன், உங்கள் போர்டு எப்படி இருக்கும் என்று சொன்னால் டிரைவருக்கு வசதி. ஹஃப்ஸா அதை அப்பாவிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டினாள்.

ஷெட்டுக்குப் போர்டே கிடையாது. வேலை கொடுப்பவனுக்கு வழி தெரிந்தால் போதும் என்றே இத்தனை காலம் ஓடிவிட்டது. மஹபூப் பாஷா அந்த வெற்றுச் சுவரைப் பார்த்துவிட்டு, பெயிண்டருக்கு ஆள் அனுப்பினார்.

கன்னியப்பன் ஏணியோடு வந்தான். “இன்னா எழுதணும் பாய்?”

“பேரு மட்டும். சின்னதா எழுது. ஜெயசீலன் சார் கார் தினமும் இப்படித்தான் போவுது. அவரு கண்ணுல படக் கூடாது.”

“ரோட்டுல போறவங்களுக்குத் தெரியாம போர்டா?” கன்னியப்பன் ஏணியைக் கீழே வைத்தான். “அப்ப உள்பக்கமாதான் எழுதணும் பாய்.”

“பச்சைல எழுதுப்பா” என்றார் சாச்சா.

ஹஃப்ஸா கன்னியப்பனின் கையிலிருந்து சாக்பீஸை வாங்கினாள். ரோட்டைப் பார்த்த சுவரில், கை எட்டிய உயரத்தில் ஒரு கோடும் இடுப்பளவில் ஒரு கோடும் இழுத்தாள்.

“இதுல இருந்து இதுவரைக்கும்” என்றாள்.

மஹபூப் பாஷா அந்தக் கோடுகளைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். கன்னியப்பன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு பெயிண்ட் டப்பா மூடியைத் திறக்காமல் நின்றான்.

“போன் நம்பர் வேணாம்” என்றார் கடைசியில்.

“வேணும்ப்பா.”

அவர் சாச்சாவை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். கன்னியப்பன் மூடியைத் திறந்தான்.