நீலப் பாரல்

சாக்கில் எதை வைத்தாலும் எலி கடித்துவிடும் என்பதால், சோரியாங்குப்பத்துச் சாமிநாதன் வீட்டில் தீவனம் எது வந்தாலும் நீலப் பாரலுக்குத்தான் போகும். அன்றைக்கும் போனது. பையை அறுத்து, கவிழ்த்து, அடியில் தட்டி, கடைசித் துகள் வரை உதறிவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு நிமிர்ந்தார். காலிப் பையில் அச்சடித்திருந்த நாய் அவரைப் பார்த்துச் சிரித்தது. பாரலில் ஏற்கெனவே பாதிக்கு மாட்டுத் தீவனம் இருந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் கல்பனா அனுப்பிய பை அது. விலையைச் சொன்னபோது, "மாட்டுக்கா, நாய்க்கா?" என்று சாமிநாதன் இரண்டு தடவை கேட்டார். லூனா அவள் வளர்த்த நாய். வாடகை வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளாததால் ஆறு மாதமாக இங்கே இருக்கிறது. வந்ததிலிருந்து முடி கொட்டிக்கொண்டே இருந்தது. "ஒரு மாசம் இத மட்டும் போட்டுப் பாருப்பா. அப்பவும் கொட்டுச்சின்னா என் ஃபிரெண்டு வூட்ல வுட்டுடறேன், அவங்க நல்லா பாத்துப்பாங்க" என்றிருந்தாள். கரும்புக் கொல்லைக்குக் கிளம்பினால் வரப்பில் முன்னால் ஓடி, திரும்பி நின்று, இந்த மனுஷன் முட்டிவலியோடு வந்து சேரும்வரை காத்திருக்கிற ஜீவனை யாரோ ஒரு ஃபிரெண்டு வீட்டுக்கு அனுப்புவதா? அதனால்தான் அந்தப் பையை எலியிடமிருந்து அத்தனை அக்கறையாகக் காப்பாற்றினார்.

இரண்டு தீவனமும் ஒரே பழுப்பு, ஒரே பருமன். முறத்தில் போட்டுப் புடைத்தார், பிரியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தார். கால் மணி நேரத்தில் தன் விரலே எந்தத் தீவனம் என்று தெரியாமல் போயிற்று. ஒரு கை அள்ளிப் பசுவிடம் நீட்டினார். அது புஸ்ஸென்று மூச்சுவிட்டுப் பின்வாங்கியது.

மனைவி கஸ்தூரி வந்து பாரலை எட்டிப் பார்த்தாள். "இன்னா, மாட்டுக்கும் நாய்க்கும் சம்பந்தம் பேசி முடிச்சிட்டீங்களா?"

மொத்தத்தையும் தென்னைமரத்தடியில் கொட்டி மூடினார்கள். அன்றிலிருந்து லூனாவுக்குச் சோறு, முட்டை, கொஞ்சம் நெத்திலிக் கருவாடு. கல்பனாவிடம் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று சாமிநாதன் தினமும் முடிவு செய்தார்.

முடி தொடர்ந்து கொட்டியிருந்தால் குழப்பமே இல்லை. மூன்று வாரத்தில் நின்றுவிட்டது. வீடியோ காலில் லூனாவின் முதுகைப் பார்த்த கல்பனாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியாப்பா, எப்டி மின்னுது! இனிமே மாசாமாசம் அனுப்பிடறேன்." ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் பொதுவாக சாமிநாதன் தலையை ஆட்டி வைத்தார். உண்மையைச் சொன்னால், என் நாய்க்கு யார் கருவாடு போடச் சொன்னது என்று வண்டி பிடித்து வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவாள். சொல்லாவிட்டால் தென்னைமரம் தின்ற தீனிக்கு அவள் சம்பளம் போகும். இதில் இன்னொன்றும் அரித்தது. வெறும் சோற்றுக்கே இப்படி மின்னினால், அந்த விலை உயர்ந்த தீனி எப்படி மின்ன வைத்திருக்கும்? நாம்தான் இதன் வாயில் மண்ணைப் போட்டோமோ?

விசாரித்தார். மூலக்குளத்தில் நாய்த்தீனி விற்கும் கடைக்காரர், "வெலையப் பாக்காதீங்க சார், நாயப் பாருங்க" என்றார், சாமிநாதனின் சட்டைப்பையைப் பார்த்தபடி. பக்கத்து நிலத்து வீரப்பன், "அதெல்லாம் மரத்தூளுபா. எங்கூட்டு நாய் மிச்சசோறு தின்னே பதிமூணு வருசம் இருந்துச்சி" என்றார். அந்த நாய்க்குப் பாதிக்கு மேல் முடி கிடையாது என்பது ஊருக்கே தெரியும். கஸ்தூரியோ, "அவ வாங்குனா நல்லாத்தான் இருக்கும், நீங்க போட்டாலும் நல்லாத்தான் இருக்கும்" என்று இரண்டு பக்கமும் தாளித்துவிட்டாள்.

கடைசியில் லூனாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கால்நடை மருத்துவர் ரோஸ்லினிடம் போனார். அவள் அம்மா காசம்மாள் இவர் நிலத்தில் நாற்று நட்டவள். அந்தப் பெண்ணை என்னம்மா என்பதா, டாக்டர் என்பதா என்று வழியெல்லாம் யோசித்து, "டாக்டரம்மா" என்று சமாளித்தார். பாரலில் தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினார். உண்ணி மருந்து போட்டதையும், குளிப்பாட்டும் சோப்பை மாற்றியதையும் விடவில்லை. ரோஸ்லின் சிரிப்பை அடக்கிக்கொண்டு லூனாவின் தோலை விலக்கி விலக்கிப் பார்த்தாள்.

"நேராவே சொல்றங்கய்யா. வெல ஒசந்ததுன்னா நல்லதுன்னு கெடையாது, கொறஞ்சதுன்னா மோசம்னும் கெடையாது. அது வயசுக்குத் தேவையான சத்து மொத்தமும் இருக்குதுன்னு பையில போட்டிருக்கான்னு பாருங்க, அது போதும். வெறும் சோறும் முட்டையும் ரொம்ப நாளைக்குப் பத்தாது. கருவாடு வேணாம், உப்பு."

"அப்ப முடி?"

"உண்ணி மருந்து, சோப்பு, சோறு, எல்லாத்தையும் ஒண்ணா மாத்திட்டீங்க. வெயிலும் தணிஞ்சிடுச்சி. இதுல எதனாலன்னு எனக்குத் தெரியாது."

இத்தனை நாளில் தெரியாது என்று சொன்ன முதல் ஆள். சாமிநாதனுக்கு ஏனோ முட்டிவலிகூடக் குறைந்த மாதிரி இருந்தது. வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து கல்பனாவுக்கு வீடியோ கால் போட்டார். எங்கிருந்து ஆரம்பிப்பது, எலியிலிருந்தா, பாரலிலிருந்தா? அவள் குரல் கேட்டதுதான் தாமதம், லூனா பெஞ்சில் தாவி ஏறி ஃபோனில் மூக்கை வைத்து அழுத்தியது.

"அப்பா, ஒரே இருட்டா கீது. எங்க கீற நீ?"

அந்த ஈர மூக்கை அவர் நகர்த்தவில்லை.

"இங்கதாம்மா" என்றார். "ஒரு விசயம் சொல்லணும்."