ஒரு கப் பருப்புக்கு மூன்று ஸ்பூன் உப்பு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை. ஒரு வார இதழின் சமையல் இணைப்பில் அரைப்பக்கம் காலியாகக் கிடந்தது. தலைப்பு தயார்: ‘வேலைநாள் மாலையில் அரை மணியில் சாப்பாடு: வீட்டில் எப்போதும் இருக்க வேண்டிய பத்துப் பொருட்கள்’. எழுத வேண்டிய அம்மாள் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். ஆசிரியர் எனக்குப் போன் செய்தார்.

“உங்களுக்குச் சமைக்கத் தெரியும்ல?”

“தெரியும் சார்.”

எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதிலும் ஒரு முறை பாத்திரம் கருகியிருக்கிறது. இருந்தாலும் வாய் தானாகச் சரி என்றது. கதை எழுதிப் பிழைப்பவனின் வாய் அப்படித்தான்.

முதல் தொடக்கம்: “அலமாரி நிறைந்திருந்தால் மனமும்” (இதற்கு மேல் ஓடவில்லை. நிறைந்த அலமாரியை நான் அக்கா வீட்டில்தான் பார்த்திருக்கிறேன்.)

இரண்டாம் தொடக்கம்: “அலுவலகத்திலிருந்து களைத்து வரும் நமக்கு” (யார் இந்த நமக்கு? நான் வீட்டிலேயே உட்கார்ந்து எழுதுகிறவன். களைப்பு மட்டும் உண்டு.)

மூன்றாம் தொடக்கத்துக்கு முன் நாற்காலியிலிருந்து நான்கு முறை எழுந்துவிட்டேன். இருப்புக் கொள்ளவில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தேன்.*

* இரண்டு தெரு தள்ளி. எப்படியும் ஏழு மணிக்குப் போக வேண்டிய வீடுதான். இது கதைக்கு முக்கியமில்லை என்று அப்போது நினைத்தேன்.

2

அக்கா மருத்துவமனை ஒன்றின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறாள். அத்தான் ஒரு கிடங்குக்குப் பொறுப்பாளர். கிடங்கு வழக்கத்தை அவர் சமையலறைக்கும் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு டப்பாவிலும் பக்கவாட்டில் ஒரு சிவப்புக் கோடு. சரக்கு கோட்டுக்கு இறங்கினால் அன்றே வாங்க வேண்டும். பழையது முன்னால், புதியது பின்னால். ஒருமுறை விருந்தாளி ஒருவர் புதுச் சர்க்கரைப் பாக்கெட்டை முதலில் உடைத்துவிட்டார். அன்று முழுக்க அத்தான் முகம் சரியில்லை.

நான் குறித்துக்கொண்டேன்: அரிசி, பருப்பு, முட்டை, வெங்காயம், பூண்டு, எண்ணெய், டப்பாவில் அடைத்த தக்காளி, உறைந்த பட்டாணி, நூடுல்ஸ். ஒன்பது. பத்தாவது என்ன என்று குனிந்து தேடியபோதுதான் மேசைக்கு அடியில் அந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தேன்.

உள்ளே புத்தம் புதிய சின்னச் சின்ன டப்பாக்கள். எல்லாம் நிரம்பியிருந்தன, எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு இருந்தது. ஒவ்வொன்றிலும் அக்காவின் பொடி எழுத்தில் ஒரு சீட்டு.

“அரிசி: ஒரு கப். இரண்டு முறை கழுவு. ஒரு முறை போதும் என்று தோன்றும், போதாது.”

“பருப்பு: ஒரு கப்புக்கு நாலு கப் தண்ணீர். சின்னத் தீயில் அரை மணி. உப்பு மூன்று ஸ்பூன். ஸ்பூன் உப்பு டப்பாவுக்குள் இருக்கிறது.”

முட்டையை டப்பாவில் போட முடியாதே, அதற்கு ஒரு அட்டை: “கொதித்த பிறகு எட்டு நிமிடம். கடிகாரத்தைப் பார். ஜன்னலைப் பார்க்காதே.”

சமைக்கத் தெரிந்தவளுக்கு இந்தச் சீட்டுகள் எதற்கு? அத்தானுக்குத்தான் சமைக்கத் தெரியாது. அப்படியானால் அவரைத் தனியாக விட்டுவிட்டு இவள் எங்கே போகிறாள்? அத்தானை இவள் ‘பாருங்க’ என்றுதான் சொல்வாள். ‘பார்’ என்று எழுதியிருக்கிறாள் என்றால், அவ்வளவு கோபமா?

3

அன்று அரைப்பக்கக் கட்டுரை செத்தது, கதை பிறந்தது. எழுதியதில் ஒரு துண்டு:

“அவள் கணவனுக்குத் தெரியாமல் ஒவ்வொரு டப்பாவாக நிரப்பினாள். அவள் போன பிறகும் அவன் மூன்று மாதம் பட்டினி கிடக்காமல் இருப்பான். அதுதான் அவளுடைய”

(அவளுடைய என்ன? பழிவாங்கலா, பரிவா? இந்தப் பெண்மேல் எனக்கே நம்பிக்கை வரவில்லை. வீட்டை விட்டுப் போகிறவள் பூண்டு உரிப்பது எப்படி என்று சீட்டு எழுதுவாளா? கணவன் பாத்திரமும் தேறவில்லை. கதை முழுக்க அவனுக்கு ஒரே வேலை, ஏழு மணிக்கு மேசையில் வந்து உட்காருவது.)

என் கதைகளுக்கு முதல் வாசகி அக்கா. பள்ளிக்கூட நாளிலிருந்து அப்படித்தான். பென்சிலோடுதான் படிப்பாள். இந்தக் கதையை அவளிடம் கொடுப்பது நேருக்கு நேர் கேட்பதற்குச் சமம். ஞாயிற்றுக்கிழமை மதியம் கொடுத்தேன்.

4

மூன்றாம் பக்கத்தில் அக்கா சிரிக்க ஆரம்பித்தாள்.

“ஏங்க, இங்க வாங்க. நான் உங்கள விட்டுட்டு ஓடப் போறேனாம்.”

அத்தான் ஈரக் கையோடு வந்தார். “எப்போ? டப்பாவுக்கெல்லாம் கோடு போட்டாச்சா?”

“அக்கா, விளையாடாத. அந்தப் பெட்டி யாருக்கு?”

அவள் சிரிப்பு நின்றது. பென்சிலால் என் தாளில் ஒரு வரியை வட்டமிட்டாள். ஏழு மணிக்கு மேசையில் வந்து உட்காருகிறவனைப் பற்றிய வரி.

“இது இவரு இல்லடா. இவரு வர எட்டு ஆகும். ஏழு மணிக்கு வந்து உக்கார்றது யாரு?”

என் திருமணம் முறிந்து இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து வேலைநாள் ஒவ்வொன்றிலும் அந்த மேசையில்தான் சாப்பிட்டிருக்கிறேன். அக்கா காய்ச்சலில் படுத்திருந்த நாளில்கூடப் போனேன். அவள் எழுந்து முட்டை வேகவைத்தாள். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அத்தான்தான் விஷயத்தைச் சொன்னார். “உங்கக்காவ வேற ஊருல பெரிய லேபுக்குத் தலைவியாக் கூப்பிடறாங்க, மாப்ள. எங்க கம்பெனிக்கும் அங்க கிடங்கு இருக்கு, நானும் மாத்திக்கலாம். ரயில்ல ஒன்பது மணி நேரம். வியாழக்கிழமை காலையில பதில் சொல்லணும். இவ கையெழுத்துப் போடாம அந்தக் கடுதாசிய வச்சிக்கிட்டே சுத்தறா.”

“போ அக்கா. நான் பாத்துக்கறேன்” என்றேன்.

“என்னத்தப் பாத்துக்குவ? ஏழு மணிக்கு வந்து நிப்ப, கதவு பூட்டியிருக்கும். அத நெனச்சாலே எனக்குக் கையெழுத்து வரல.” பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினாள். “மூணு நாள் இங்க வராத. நீயே செஞ்சு சாப்பிடு. முதல்ல பருப்பு மட்டும். என்ன ஆச்சுன்னு எழுதி, எட்டு மணிக்குள்ள அந்தத் தாள போன்ல படம் புடிச்சு அனுப்பு. பேச்சு வேணாம், பேச்சுல நீ அளப்ப.”

“எழுத்துலயும் அளப்பேனே.”

“அளந்துதான் பாரேன். எனக்குத் தெரியும்.”

5

திங்கள். முனைக் கடையில் இரண்டு பன் வாங்கித் தின்றுவிட்டு எழுதினேன்: “பருப்பு பொன்னிறமாய்க் குழைந்து வந்தது. உப்பு கச்சிதம். அக்கா, உன் கை மணம் அப்படியே.”

பதில் வந்தது. “வர்ணனை நல்லா இருக்கு. நாளைக்குச் சமைச்சுப் பாரு.”

எப்படித் தெரிந்தது? அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். ‘பொன்னிறமாய்’ அதிகம் என்று முடிவு செய்தேன். நடைதான் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

செவ்வாய். (இங்கே வாசகர் என்னைக் கொஞ்சம் வெறுக்கலாம்.) அன்றும் பன். ஆனால் தோற்றதாக எழுதினேன். காரணம் எளிது: எனக்குச் சமைக்க வராது என்று தெரிந்தால் அக்கா போக மாட்டாள். அவள் போகக் கூடாது என்றுதான் நான் விரும்பினேன். “அடி பிடித்துவிட்டது. மேலாக வழித்துச் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் குறைவு. அக்கா, இது எனக்கு ஒத்துவராது.”

பதில்: “காது குத்தாத. நாளைக்குக் கடைசி நாள்.”

6

புதன். அதாவது இன்று. ஆறு மணிக்கே கால்கள் செருப்பைத் தேடின. வாசல்வரை போய்த் திரும்பினேன். ஆசிரியர் போன் செய்தார், எடுக்கவில்லை. பத்தாவது பொருளுக்கு நேரே ‘அன்பு’ என்று எழுதி அடித்தேன். ஆசிரியருக்கு அது நிச்சயம் பிடிக்கும் என்பதால்தான் அடித்தேன்.

பிறகு, வேறு ஒன்றும் செய்யத் தோன்றாமல், அடுப்பைப் பற்றவைத்தேன்.

பருப்பைக் கழுவினால் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கும் என்பது எனக்குத் தெரியாது. கொதிக்கும்போது நுரை பொங்கி அடுப்பில் வழியும் என்பதும் தெரியாது. பொங்கியது, வழிந்தது, துடைத்தேன், மறுபடி பொங்கியது. வெங்காயத்தை நறுக்க முயன்று விட்டுவிட்டேன். கடிகாரத்தைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்க்கவில்லை. அரை மணியில் பருப்பு உண்மையாகவே குழைந்துவிட்டது. உப்பு டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்த ஸ்பூனால், தலை தட்டி, ஒன்று, இரண்டு, மூன்று.

கலக்கினேன். ஒரு வாய் எடுத்து வைத்தேன்.

துப்பிவிட்டேன். குழாயைத் திறந்து வாய் கொப்பளித்தேன். கடல் நீரைக் குடித்தாலும் இவ்வளவு கரிக்காது. என் தப்புதான் என்று நினைத்துச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்று ஸ்பூன். அக்கா கையெழுத்து, சந்தேகமே இல்லை.

(உங்களில் சமைக்கிறவர்கள் தலைப்பைப் பார்த்ததுமே சிரித்திருப்பீர்கள். ஒருவராவது சொல்லியிருக்கலாம்.)

இருபத்திரண்டு வருடமாக இரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக அளக்கிறவள். அவளுக்கு ஸ்பூன் கணக்குத் தப்பாது. வாயில் வைத்தவனுக்கு மட்டும் தெரிகிற ஒன்றை அந்தச் சீட்டில் வைத்திருக்கிறாள். திங்களன்று உப்பு கச்சிதம் என்று எழுதினேன். செவ்வாயன்று உப்பு குறைவு என்று எழுதினேன். அதைப் படித்தபோது அவள் முகம் எப்படி இருந்திருக்கும்?

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

7

மணி ஏழு. மேசையில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. இரண்டையும் நான்தான் எழுதினேன்.

ஒன்று: “அக்கா, இன்று பருப்பு அருமை. உப்பும் சரி.” இதை அனுப்பினால் நான் அடுப்பையே தொடவில்லை என்று முடிவு செய்வாள். நாளைக் காலை அந்தக் கடிதம் கையெழுத்தில்லாமலே திரும்பிப் போகும். மாலை ஏழு மணிக்கு அந்த வீட்டுக் கதவு திறந்திருக்கும். என் தட்டு என் இடத்தில் இருக்கும்.

இன்னொன்று: “அக்கா, வாயில வைக்க முடியல. மூணு ஸ்பூனா போடுவாங்க?” இதை அனுப்பினால் அவள் கையெழுத்துப் போட்டுவிடுவாள்.

மூன்றாவதாக ஒரு முடிவும் எழுதிப் பார்த்தேன். “அவன் இரண்டையும் கிழித்துவிட்டு அக்கா வீட்டை நோக்கி” (இல்லை. நடந்து போனால் ஏழு மணிக்கு வந்தவனாகத்தான் ஆவேன்.)

போன் மின்னுகிறது. அக்காதான். “சாப்பிட்டியா?” அவ்வளவுதான் எழுதியிருக்கிறாள். இதற்குப் பதில் சொல்ல ஒரு வார்த்தை போதும். எனக்கு அதுகூட வரவில்லை. எந்தக் கதையிலும் நான் இப்படித் திணறியதில்லை. முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது தந்திரம் என்பார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு இன்று தந்திரம் செய்யத் தெம்பில்லை. எட்டு மணிக்குள் ஒரு தாள் போயாக வேண்டும். எது என்று நீங்கள் சொல்லுங்கள்.

அவசரம் வேண்டாம், கொஞ்சம் உட்காருங்கள். பருப்பில் மூன்றாவது முறையாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். இன்னும் கரிக்கிறது, ஆனால் சாப்பிட்டுவிடலாம். இரண்டு பேருக்குத் தாராளமாக வரும். உங்களுக்கும் ஒரு தட்டு வைக்கிறேன்.