ஒரு சாவி போதாது

...கணினித் திரையில் இந்த ஜன்னலை மட்டும் மூடிவிடக் கூடாது, இப்போதைக்கு சர்வருக்குள் இருக்க ஒரே வழி இதுதான், பாஸ்வேர்டில் நுழைவதை நிறுத்தியாயிற்று, இனி தன் மடிக்கணினியில் இருக்கும் சாவிக்கோப்பு இருந்தால்தான் ஆஸ்பத்திரியின் மெயில் சர்வர் திறக்கும், ஆனால் புதிதாகத் திறந்த இரண்டாவது ஜன்னல் ஏன் அனுமதி இல்லை என்கிறது... ரேஷ்மி மறுபடி முயன்றாள், மறுபடி அதே பதில். சர்வர் இருப்பது பெங்களூரில், ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரைப் பிடிப்பது, இங்கே கொல்லயில் ஊரில் வீட்டு மின்சாரம் போகாமல் இருக்க வேண்டுமே, போய் இந்த முதல் ஜன்னலின் தொடர்பும் அறுந்தால்? வேலைக்குச் சேர்ந்து நாற்பது நாள், அதற்கு முன் மூன்று வருட இடைவெளி, ஒவ்வொரு நேர்காணலிலும் அதே கேள்வி, இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், பிள்ளை வளர்த்தேன் என்றால் ஒரு சிரிப்பு... கதவுக்கு அப்பால் நந்தனாவின் அழுகை, மாமியார் பிரேமகுமாரியின் குரல், "மக்கா, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன், நீ ஒனக்க வேலையப் பாரு கேட்டியா." பார்க்கத்தானே செய்கிறேன், எங்கே தவறு?

எல்லாருக்கும் தெரிந்த பாஸ்வேர்டு அது, ஆஸ்பத்திரியின் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும், போன மாதம் எவனோ அதை வைத்து உள்ளே புகுந்து ஆயிரக்கணக்கில் பொய் மெயில் அனுப்ப, ஆஸ்பத்திரி மெயில்களையே மற்ற மெயில் நிறுவனங்கள் தடுத்துவிட்டன, செங்கல் என்ற ஊரிலிருந்து வந்த நோயாளி சுகிர்தபாயின் கட்டிப் பரிசோதனை முடிவும் போய்ச் சேரவில்லை, புற்று இல்லை என்ற அந்த ஒரு வரிக்குப் பதினோரு நாள் காத்திருப்பு. மன்னிப்புக் கேட்கப் போனில் அழைத்தபோது அந்த அம்மா திட்டவில்லை, "மோளே, பதினொண்ணு நாளும் நான் ஒறங்கேல்லை" என்றது மட்டும்தான், திட்டியிருக்கலாம்... அனுமதிக்கப்பட்டவர்களின் பட்டியலை மறுபடி திறந்தாள், ஒரே ஒரு பெயர், தன் பெயர், அட, அதில் இரண்டு எழுத்து இடம் மாறிக் கிடக்கிறது, தன் பெயரையே தப்பாக எழுத ஒருத்திக்கு எவ்வளவு பயம் இருக்க வேண்டும்? திருத்தினாள், சேமித்தாள், சர்வரின் நுழைவுச் சேவையை மறுபடி தொடங்கவைத்தாள், இரண்டாவது ஜன்னல்... திறந்தது. சிரிப்பு வந்தது, கண்ணும் கொஞ்சம் நனைந்தது.

மேலதிகாரி ஜெனில் போனில் வந்தார்.

"சர்வருக்க உள்ள கேறியாச்சா ரேஷ்மி?"

"கேறியாச்சு சார். பழைய பாஸ்வேர்டு இனி செல்லாது."

"நல்லதாட்டு செய்தீங்க. சாவி ஒங்ககிட்ட மட்டுமாக்கும் உண்டு, இல்லியா? அது போராது, ஒங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தா? இன்னொரு ஆளுக்கும் கொடுக்கணும். ஆளை நீங்களே சொல்லுங்க."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்தாள், யாரைச் சொல்வது, அலுவலகத்து முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின, இத்தனை நாளும் என்னை நம்புவார்களா என்றுதானே ஓடிக்கொண்டிருந்தேன், இப்போது யாரை நம்பலாம் என்று என்னிடமே கேட்கிறார்கள்... ஒருவரை நம்ப எதைப் பார்ப்பார்கள், என்னிடம் எதைப் பார்த்தார்கள்?