நாலாவது பாட்டில்

மூடியைத் திறந்ததும் நுரை பொங்கிச் செங்கொடியின் முழங்கை வரை வழிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, எவர்சில்வர் தம்ளரில் இரண்டு வாய் அளவு ஊற்றினாள். நாற்பத்தொரு வயதில் இன்றுதான் பீரைத் தொடுகிறாள். குடித்தே செத்தவன் அவள் புருஷன். அந்த வாடை அடித்தாலே தெருவின் மறுபக்கம் போய்விடுவாள்.

கட்டிலில் படுத்திருந்த தம்பி டில்லிபாபு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தொண்டையில் புற்று. நாலு மாதமாக மூக்கில் செருகிய குழாய் வழியாகக் கஞ்சித் தண்ணீர்தான். இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து திருவொற்றியூருக்கு அனுப்பி எட்டு நாளாகிறது.

பாண்டிச்சேரியில் ஒரு சின்ன பீர் ஆலையில் பதினோரு வருஷம் இருந்தவன் அவன். தொட்டி கழுவப் போன இடத்தில், இவனுக்கு நாக்கு நன்றாக இருக்கிறதென்று முதலாளி காய்ச்சுகிற வேலைக்கு ஏற்றிவிட்டார். அவன் பக்குவம் பார்த்த கோதுமை பீருக்காக ஒரு காலத்தில் சென்னையிலிருந்து கார் எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றார்கள்; பாட்டிலோடு நின்று படம் எடுத்தார்கள். அப்புறம் ஆலை பெரிய கம்பெனியின் கைக்குப் போனது. கூட்டம் வேறெங்கோ போனது. டில்லியை நிறுத்திவிட்டு, அவன் பக்குவத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அங்கே இன்னும் லோடு ஏற்றும் ஃப்ரெடியிடம் சொல்லி டில்லி வரவழைத்தவை, வகைக்கு ஒன்றாக இந்த நாலு பாட்டில்கள். நேற்று துணிப்பைக்குள் கொண்டுவந்து வைத்த ஃப்ரெடி, டில்லியின் முகத்தைப் பார்க்க முடியாமல் உடனே போய்விட்டான். இன்று காலை மாத்திரை மயக்கம் தெளிந்ததும், குடித்துப் பார்த்துச் சொல் என்று அக்காவைக் கேட்டான் டில்லி. குரல் வெறும் காற்றாக வந்தது. மாட்டேன் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

முதலாவது, பாகற்காய் வேகவைத்த தண்ணீர் மாதிரி இருப்பதாகச் சொன்னாள். தலையசைத்தான். இரண்டாவது கருகின காப்பிக்கொட்டை. அதற்கும் தலையசைத்தான். மூன்றாவதில் ஒன்றுமே தெரியவில்லை என்றாள். அவன் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிக்கிறான் என்று நினைத்தாள்.

நாலாவதுதான் அவனுடைய கோதுமை பீர் என்று அவளுக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

“இது நல்லா கீதுடா. ஆரஞ்சு முட்டாய் மாதிரி கீது.”

கையசைத்து அவளைக் கிட்டே கூப்பிட்டான். அவன் வாயருகே காதை வைத்தாள்.

“தோலுக்கா. ஆரஞ்சுத் தோலு. நானே மொட்டமாடில காயவெச்சுப் போடுவேன். முட்டாய் வாசனை வரவே கூடாது. இப்ப எசன்ஸ் ஊத்துறானுங்க.”

தனக்கு என்ன தெரியும் என்று பதறி, மறுபடி ஊற்றிக் குடித்தாள். தோல் வாசனைதான், கசப்பும் இருக்கிறது என்றாள். அவன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தான்.

“மொதல்ல சொன்னதுதாங்கா கரெக்டு. உனுக்கும் நாக்கு கீது.”

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் கட்டில் அதிர்ந்தது. மூன்று மணிக்குக் கஞ்சித் தண்ணீரை ஆற்றிக்கொண்டு வந்து அவன் தோளைத் தொட்டாள். தொட்டதுமே உடம்பு அவள் பக்கம் சரிந்து மல்லாந்தது. கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டைத் தட்டினாள்.

ஆறு மணிக்குள் வாசலில் பந்தலும் ஐஸ்பெட்டியும் வந்துவிட்டன. பெண்கள் ஒவ்வொருவராக வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். பீர் வாடை தெரியாமலிருக்க, செங்கொடி முகத்தைத் திருப்பி, வாயை இறுக மூடிக்கொண்டு அழுதாள். தெருமுனையில் நின்றிருந்த ஃப்ரெடி கடைசியில் கிட்டே வந்து, குடித்துப் பார்த்தானா, என்ன சொன்னான் என்று கேட்டான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அதற்கு என்ன அர்த்தமென்று அவனுக்குப் புரியவில்லை.

பக்கத்து வீட்டு ஷம்ஷாத், வாயைக் கொப்பளித்துவிட்டு இதையாவது குடி என்று சொம்புத் தண்ணீரும் டீயும் கொண்டுவந்தாள். சொம்பைச் செங்கொடி தொடவில்லை. நாக்கில் இன்னும் அந்த ஆரஞ்சு வாசனை இருந்தது. டீயைக் கையில் வாங்கிக்கொண்டு பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஷம்ஷாத் திரும்பி வந்தபோது டீயில் ஏடு படிந்திருந்தது. செங்கொடியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அவள் அந்தத் தம்ளரை எடுக்க வேண்டியிருந்தது.