சிரிக்காமல் கேட்ட கதை

ஒகாடா கதை சொல்லப் போகிறார் என்கிற செய்தியை ஊருக்குள் கொண்டுபோனது நாராயணம்மாதான். காரியத்தைக் கெடுத்ததும் அவளேதான். பாவம், நல்ல மனசோடுதான் கெடுத்தாள்.

பாரூர் ஏரிப் பாசனத்தில் ஜப்பான் முறை நடவு வந்த வருசம் அது, ஐம்பத்து நாலோ ஐம்பத்தஞ்சோ. கயிறு பிடித்து வரிசையாக நடச் சொல்லிக்கொடுக்க சர்க்கார் ஒரு ஜப்பான்காரரையே அனுப்பி வைத்திருந்தது. ஒகாடா என்று பேர், முப்பது வயசு இருக்கும், ஒடிசலான ஆள். நாராயணம்மாவின் புருசன் கிருஷ்ணப்பன் ஊருக்குப் பெரியவர் என்பதால் அவர் வீட்டிலேயே தங்கல், சாப்பாடு. முதல் நாள் களியைப் பார்த்துத் திருதிருவென்று முழித்தவர், கொஞ்ச நாளில் உருண்டையைக் குழம்பில் தோய்த்து விழுங்கக் கற்றுக்கொண்டார். தமிழும் அவருக்கு அப்படித்தான் வந்தது, மெல்லாமல் விழுங்கிய தமிழ்.

அடுப்படி வாசலில் உட்கார்ந்துகொண்டு என்னத்தையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்.

"அம்மா, புருசன் கதவு சாத்தலை. நீங்க எப்படித் திட்டுவீங்க?"

திட்டுவதற்கு நாராயணம்மாவுக்குச் சொல்லியா தர வேண்டும்? "ஏய்யா, காத்து பிச்சுக்கிட்டு வருது, கதவைத் தொறந்து போட்டுட்டு யாருக்குய்யா வெத்தல பாக்கு வெச்சிருக்கே?" என்று கரண்டியை ஆட்டிக் காட்டினாள். மனுசன் அதை வாய்க்குள் உருட்டிக்கொண்டே போனார். எதுக்குக் கேட்கிறார் என்று அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

அறுப்பு முடிந்தது. அவர் மத்தூர்ப் பக்கம் போக வேண்டிய நாள் வந்தது. ஒரு காலையில் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"எனக்கு அண்ணன் இருந்தான் அம்மா. கதை சொல்றது அவன் தொழில். மண்டி போட்டு உக்காந்து, கையில ஒரு விசிறி, ஒரு துண்டு. எழுந்திரிக்காமலே எல்லா ஆளும் அவனே. ஒரு கதை அவனே கட்டினான். எனக்கு மட்டும் சொன்னான். சபையில சொல்றதுக்குள்ள சண்டைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. வரலை." கிண்ணத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார். "அந்தக் கதையை யாருமே கேட்டதில்லை. எங்க ஊர்ல சொல்ல எனக்கு வாய் வரலை. இங்கே சொல்லணும். நல்லா இருக்கா, இல்லையான்னு ஜனங்கதான் சொல்லணும்."

நாராயணம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது சிரிப்புக் கதை என்று அவர் சொல்லவே இல்லை. அவர் ஊரில் அந்தத் தொழில் என்றாலே சிரிப்புதானாம். நெருப்பு சுடும் என்று யாராவது எடுத்துச் சொல்வார்களா?

இவள் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டாள். "செத்துப்போன அண்ணன் கதையாம். சவத்தைக் கூடப் பார்க்கலியாம் பாவம். வந்து உக்காந்துட்டுப் போங்க."

இப்படிச் சொன்னால் ஊருக்குத் தெரியாதா என்ன செய்ய வேண்டுமென்று! சாயங்காலம் களத்து மேட்டுக்கு வந்த பெண்களில் ஒருத்தி தலையிலும் பூ இல்லை. ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். வெற்றிலை போடாமல் இருக்கவே தெரியாத வண்டிக்கார ஆஞ்சப்பன்கூட வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து குந்தினான்.

ஒகாடா ஜமுக்காளத்தில் மண்டியிட்டுத் தலை தரையில் படக் கும்பிட்டார். "அண்ணனுக்குத்தான் கும்பிடறாரு" என்று முன்னால் உட்கார்ந்திருந்த பூவம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

கதை ஆரம்பித்தது. குளிர்கால ராத்திரியில் ஒரு திருடன் ஒரு குடிசைக்குள் நுழைகிறான். புருசன் பெண்டாட்டி இரண்டு பேரும் தூங்குகிறார்கள். பெண்டாட்டிக்கு அரைத்தூக்கம், வந்தவனைப் புருசன் என்று நினைத்து, கண்ணைத் திறக்காமலே திட்டுகிறாள். "ஏய்யா, காத்து பிச்சுக்கிட்டு வருது, கதவைத் தொறந்து போட்டுட்டு யாருக்குய்யா வெத்தல பாக்கு வெச்சிருக்கே?"

அச்சு அசல் நாராயணம்மா! கழுத்தை வெட்டுகிற வெட்டுகூட அவளுடையதுதான். அவர் முகத்தை இந்தப் பக்கம் திருப்பினால் பெண்டாட்டி, அந்தப் பக்கம் திருப்பினால் திருடன். திருடன் பயந்துபோய்க் கதவைச் சாத்துகிறான். விறகு பிளக்கச் சொல்கிறாள், பிளக்கிறான். மடக்கிய விசிறிதான் கோடாலி. தண்ணீர் சேந்துகிறான், துண்டுதான் கயிறு. விடியற்காலையில், "கஞ்சி குடிச்சியாய்யா?" என்று கேட்கிறாள். தன்னை அப்படி ஒருத்தர் கேட்டு எத்தனையோ காலம் ஆயிற்றே என்று திருடன் அழுதுகொண்டே ஓடிப்போகிறான். எழுந்து பார்த்த பெண்டாட்டி, "என்னிக்கும் இல்லாம இன்னிக்கு மனுசனா இருந்தியேய்யா" என்று புருசனை மெச்சுகிறாள். புருசனோ பிளந்து கிடந்த விறகையும் நிறைந்த குடத்தையும் பார்த்துவிட்டு, "இனிமே ராத்திரியில கதவைச் சாத்தாதே" என்கிறான்.

கேட்டவர்கள் பட்ட பாடு இருக்கிறதே! துக்கத்துக்கு வந்த இடத்தில் சிரிக்க முடியுமா? பெண்கள் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டார்கள். ஆஞ்சப்பன் தலையை முட்டிக்கு நடுவில் புதைத்துக் குலுங்கினான். கிருஷ்ணப்பன் கண்ணில் தண்ணீர் கொட்டியது. நாராயணம்மா உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தமே வந்துவிட்டது. கதை முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து, குனிந்த தலை நிமிராமல் அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டு நகர்ந்தார்கள். துக்கத்தில் சொல்லக் கூடாதே என்று, போய்வருகிறேன் என்றுகூட யாரும் சொல்லவில்லை.

களம் காலியானது. ஒகாடா மண்டியிட்டபடியே இருந்தார். விரித்த விசிறியை மடிக்கவும் இல்லை.

"அண்ணன் கதை நல்லா இல்லை அம்மா," என்றார். "சிரிக்கத்தான் கட்டினான். நான் எல்லாரையும் அழ வெச்சுட்டேன்."

நாராயணம்மா வாயில் கை வைத்தாள். "சிரிக்கவா? ஐயோ, சிரிக்கிற கதையா அது?"

"ஆமா. இனிமே சொல்ல மாட்டேன். செத்தவனோட போகட்டும்."

அடப் பாவி, என்ன வேலை செய்துவிட்டேன் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். செத்த பிள்ளையை இரண்டாம் தரம் சாகடித்த மாதிரி இருந்தது அவளுக்கு. இனி வாயால் சொன்னால் இந்த மனுசன் நம்புவாரா? ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்றுதானே நினைப்பார்!

"எந்திரி தம்பி," என்றாள். அது வரைக்கும் அய்யா என்றுதான் கூப்பிட்டு வந்தாள். "எந்திரின்னா எந்திரி." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்கு நடந்தாள்.

துக்கம் கேட்டுவிட்டு வந்தவர்கள் தலை முழுகாமல் வீட்டுக்குள் போக மாட்டார்கள். ஊரே அங்கேதான் இருந்தது. புங்க மரத்தைத் தாண்டும்போதே சத்தம் காதைப் பிளந்தது. ஆஞ்சப்பன் ஈர வேட்டியோடு தண்ணீரில் மண்டி போட்டு, இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு, தன் வீட்டுத் தெலுங்கில் திட்டிக்கொண்டிருந்தான். பாகலூரிலிருந்து வந்திருந்த அவன் மச்சான் கன்னடத்தில் திருடனாக நடுங்கினான். பூவம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ போதும்டா, செத்தேன்டா," என்று கரையில் சாய்ந்து கிடந்தாள். கிருஷ்ணப்பன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சொம்பு தண்ணீரோடு போய்விட்டது.

யாரோ ஒகாடாவைப் பார்த்துவிட்டார்கள். சட்டென்று எல்லா வாயும் மூடிக்கொண்டது. கிருஷ்ணப்பன் முகம் செத்துப்போனது. "தப்பு நடந்து போச்சுங்க அய்யா, துக்கத்துல..." என்று கைகூப்பினார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்று நாராயணம்மா கத்தினாள். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "சிரிங்க! அந்தப் புள்ளை சாகறதுக்கு முன்னாடி இந்தச் சிரிப்பைக் கேக்கத்தான் ஆசைப்பட்டானாம். நல்லாச் சிரிங்க!"

ஊர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டது. பிறகு ஆஞ்சப்பனுக்குத்தான் முதலில் சிரிப்பு உடைந்தது. அப்புறம் யாரால் அடக்க முடியும்? ஒகாடா செருப்பைக் கூடக் கழற்றாமல் தண்ணீருக்குள் இறங்கினார். கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றியது. ஆஞ்சப்பன் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"இன்னொரு தரம் சொல்றீங்களா? எங்க அண்ணன் கதையை நான் கேக்கணும்."