ஞாயிறு நான்கு மணிக்குள் படம் வர வேண்டும்

1.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை இலக்கிய வேட்கையில் பிறந்ததல்ல, ஒயரில் பிறந்தது. போன மாதம் என் கேம் கன்சோலை ஒரு நல்ல மானிட்டரில் மாட்டப் போய், மூன்று நாட்கள் ‘சிக்னல் இல்லை’ என்ற இரண்டு சொற்களை மட்டுமே படித்துக்கொண்டிருந்தேன். திட்டுவதற்கு ஆள் கிடைக்காததால், இந்தத் தலைவலியை வேறு யார் தலையிலாவது கட்டலாம் என்று எழுத உட்கார்ந்தேன்.

முதல் வாக்கியம்: “அந்த அறையின் இருளில் ஏதோ ஒரு—”

அடித்துவிட்டேன். மதியம் மூன்று மணி, அறையில் நல்ல வெளிச்சம்.

இரண்டாவது வாக்கியம்: “எக்ஸ்ரேக்காரி மேஜைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தாள்.”

இது இருக்கட்டும். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் ஊரார் எலும்புகளைப் படம் எடுத்து, போன வருடம் ஓய்வு பெற்றவள். இன்று ஞாயிற்றுக்கிழமை. நான்கு மணிக்கு மகள் வருகிறாள். அதற்குள் படம் வந்தாக வேண்டும்.

2.

மகள் ஒரு கேம் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். விளையாட்டில் தூரத்தில் தெரிகிற மலை, மேகம், மூடுபனி எல்லாம் அவள் கைவண்ணம். அவள் வேலை செய்த முதல் விளையாட்டு வெளிவந்ததும், கன்சோலோடு வீட்டுக்கு அனுப்பிவைத்தாள்.

அப்பாவின் பட்டப்பெயர் ஷேடு. கார் பட்டறையில் பெயின்ட் கலக்குபவர். இடிபட்ட கதவுக்கு மட்டும் புது பெயின்ட் அடித்தால், அது மற்ற மூன்று கதவுகளோடு ஒத்துப்போக வேண்டும் அல்லவா? அந்த ஒத்துப்போதலில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மகளும் தன்னோடு பட்டறைக்கு வருவாள் என்று நம்பியிருந்தார். அவள் இந்த வேலைக்குப் போன அன்று அவர் சொன்னது இதுதான்:

“நான் அடிச்ச பெயின்ட் இருபது வருஷம் வெயில்ல நிக்கும். கரன்ட் போனா உன் மலை எங்கம்மா நிக்கும்?”

அன்றிலிருந்து இரண்டு வருடமாக அப்பாவும் மகளும் நேராகப் பேசுவதில்லை. “சாப்பிட்டாளான்னு கேளு”, “அப்பா மாத்திரை போட்டாராம்மா” என்று எல்லாம் எக்ஸ்ரேக்காரி வழியாகத்தான்.

(எக்ஸ்ரேக்காரிக்கு ‘அவள்’, ஷேடுக்கு ‘அவர்’ என்று போடுகிறேன். நியாயமில்லைதான். அவளோடு எனக்கு நெருக்கம். அவரிடம் கொஞ்சம் பயம்.)

போன வாரம் போனில் மகள் தயங்கித் தயங்கி, “அப்பா பாத்தாராம்மா?” என்று கேட்டாள். எக்ஸ்ரேக்காரி யோசிக்கவே இல்லை.

“பாத்தாராவா? தினமும் அதுலதான் உக்காந்திருக்காரு.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு மகள், “ஞாயித்துக்கிழமை வரேம்மா” என்றாள். அழுதிருப்பாளோ என்று இவளுக்குச் சந்தேகம்.

ஷேடு அதுவரை அந்தப் பெட்டியை ஏறெடுத்தும் பார்த்திருக்கவில்லை.

3.

வீட்டு டிவியில் மாட்டினால் ஆகாதா? மாட்டினாள். பழைய டிவி. ஆட்கள் தெரிந்தார்கள், குதிரை தெரிந்தது. மகள் வரைந்த மலைகள் மட்டும் துடைக்காத கண்ணாடியில் கை பட்ட இடம் போல ஒரே பூச்சாகத் தெரிந்தன. கணவரை அவளுக்குத் தெரியும். முதல் பார்வையில் பிடிக்காத எதையும் அவர் இரண்டாம் முறை பார்த்ததில்லை. ஒரே ஒரு பார்வைதான் கிடைக்கும், அதில் உச்சத் தெளிவு இருக்க வேண்டும்.

அப்போதுதான் பரண் மேல் இருந்த மானிட்டர் நினைவுக்கு வந்தது. ஓய்வு பெற்ற நாளில், “என்ன வேணும், கைக்கடிகாரமா?” என்று கேட்ட பெரிய டாக்டரிடம், “அந்தப் பழைய மானிட்டரைக் குடுத்துடுங்க” என்று வாங்கி வந்தது. முடி போல விழுந்த எலும்புக் கீறலைக்கூட அதில் அவள் கண்டுபிடித்திருக்கிறாள். அதற்கு முன்னால் ஒரு மலை என்ன பெரிய விஷயம்?

விஷயம் ஒயர்தான். கன்சோலில் ஒரு வகைத் துளை, மானிட்டரில் வேறு வகை. இரு முனைக்கும் பொருந்துகிற ஒயரைத் தேடி வாங்கி மாட்டினாள். சிக்னல் இல்லை. கழற்றினாள், ஊதினாள், மாட்டினாள். சிக்னல் இல்லை. சனிக்கிழமை கடைக்காரர் விளக்கினார்.

“மேடம், இது ஒன்வே. கம்ப்யூட்டர்ல இருந்து டிவிக்குப் போகும். நீங்க எதிர்த்திசையில வண்டி ஓட்டுறீங்க.”

“ரெண்டு பக்கமும் சரியா மாட்டுதேப்பா?”

“மாட்டும். ஆனா போகாது.”

(இந்தப் பதிலை எனக்கும் ஒரு கடைக்காரர் சொன்னார். என் மூன்று நாட்களும் இந்த மூன்று சொற்களில் முடிந்தன. கதைக்காக நான் மாற்றவில்லை.)

சிக்னலை மாற்றிக் கொடுக்கும் குட்டிப் பெட்டி ஒன்றை அவரே தந்தார். அதற்குத் தனியாக கரன்டும் வேண்டும் என்றார். அதற்காகத்தான் இப்போது மேஜைக்கு அடியில் தவழ்கிறாள். மாட்டியாகிவிட்டது. எழுந்து பார்க்கிறாள்.

படம் வந்துவிட்டது. புல் ஒவ்வொன்றாக நிற்கிறது. குதிரையின் பிடரியில் மயிர் எண்ணலாம். தூரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மலைகள். அப்படி ஒரு தெளிவு.

எல்லாமே கறுப்பு வெள்ளையில்.

4.

எக்ஸ்ரே பார்ப்பதற்கென்றே செய்த மானிட்டர் அது. அதில் நிறமே கிடையாது. பதினொரு வருடம் அதன் முன் உட்கார்ந்தவளுக்கு அது தோன்றவே இல்லை. அவள் அதில் பார்த்த எதற்கும் நிறம் இருந்ததில்லையே.

நகைச்சுவைக்காகத்தான் இதை யோசித்து வைத்திருந்தேன். எழுதும்போது சிரிப்பு வரவில்லை. நிறம் சேர்ப்பதையே தொழிலாகக் கொண்ட மகளின் வேலையை, நிறம் பொருத்துவதையே தொழிலாகக் கொண்ட அப்பாவுக்கு இவள் காட்ட வேண்டும், மணியோ மூன்றேகால். எக்ஸ்ரேக்காரி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். கண் கலங்கிவிட்டது. அவளை இப்படி மாட்டிவிட்டதில் எனக்குக் குற்ற உணர்ச்சி. அதனால் ஷேடை உள்ளே அனுப்பினேன்.

“என்ன, யாருக்குக் கால் உடைஞ்சிருக்கு?” என்றார் திரையைப் பார்த்து.

“உங்க பொண்ணு வரைஞ்சதுங்க.”

“கலர் எங்க?”

“டிவியில எல்லாம் பூச்சாத் தெரிஞ்சுதுன்னு இதுல மாட்டினேன். இதுல கலர் வராது. மறந்து தொலைச்சிட்டேன்.”

ஷேடு சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு கண்களைப் பாதி மூடிக்கொண்டு, பட்டறையில் கதவைப் பார்ப்பதுபோலத் திரையைப் பார்த்தார். அப்படியே நின்றார்.

“மூணு மலையும் தனித்தனியா நிக்குது பாரு. கலரே இல்லாம தூரம் தெரியுது. தூரம் போகப் போக வெளுப்பைச் சரியா ஏத்தியிருக்கா.” பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “அந்த மூணாவது மலை என்ன கலர்?”

“தெரியாதுங்க.”

“நீலமா? சாம்பலா? ஊதாவா இருக்குமோ? எதுவா இருந்தாலும் இந்த வெளுப்பு வருமே.”

“டிவியில மாட்டிப் பாக்கலாமா?”

“டிவியிலதான் எல்லாம் பூச்சுன்னு சொன்னியே. விடு, அவ வரட்டும். கேட்டுக்கறேன்.”

எக்ஸ்ரேக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“கேக்காதீங்க! நீங்க தினமும் பாக்கறதா அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன். தினமும் பாக்கறவருக்கு மலையோட கலர் தெரியாதா?”

5.

வாசல் மணி அடித்துவிட்டது. இனி முடிவு.

முதல் முடிவு: ஷேடு கேட்கவில்லை. “நல்லா இருக்கும்மா” என்கிறார். மகள் “தேங்க்ஸ்ப்பா” என்கிறாள். காபி குடிக்கிறார்கள். பொய் காப்பாற்றப்படுகிறது. மறுவாரம், “சாப்பிட்டாளான்னு கேளு.”

இரண்டாவது முடிவு: கேட்கிறார். பொய் உடைகிறது. மகள் முதலில் அம்மாவைப் பார்க்கிறாள். பிறகு கறுப்பு வெள்ளைத் திரையைப் பார்க்கிறாள். அதன்பிறகு—

இதற்குமேல் எழுத வரவில்லை. அவள் முகம் எப்படி மாறும் என்று ஆறு விதமாக எழுதினேன். ஒன்றில் அழுதாள், ஒன்றில் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனாள். இரண்டு வருடம் கழித்து அப்பா தன்னிடம் நேராக ஒரு கேள்வி கேட்டால் ஒரு பெண் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இப்போது ஷேடு எழுந்துவிட்டார். “நான் திறக்கறேன்” என்று மனைவியைக் கையமர்த்திவிட்டு வாசலுக்குப் போகிறார். அவர் நடையைப் பார்த்தால் கேட்டுவிடுவார் போலத்தான் இருக்கிறது. எக்ஸ்ரேக்காரியும் தடுக்கவில்லை. மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொள்கிறேன் என்று அப்படியே உட்கார்ந்திருக்கிறாள்.

மூன்றாவது மலையின் நிறம் எனக்குத் தெரியும். எழுதியவனுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் இங்கே எழுத மாட்டேன். உங்களுக்கும் ஏதாவது நிறம் தோன்றியிருந்தால், தயவுசெய்து சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள். தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டார். அவர் அவளிடமே கேட்கட்டும்.