எழுநூறு மணி நேரம்

பாபநாசத்துக்கு வெளியே, சம்பா வயல் வரப்பில் நின்று எழில்மொழி ட்ரோனை இறக்கினாள். மருந்து டப்பா காலி. காற்று கிளம்புவதற்குள் இன்னும் நாலு ஏக்கர் அடிக்க வேண்டும். கழுத்தில் மாட்டிய ரிமோட் காலையிலிருந்தே பிடரியை அறுத்துக்கொண்டிருந்தது. ஊரில் அவளை பைலட் என்றுதான் கூப்பிடுவார்கள். அது மரியாதையா கேலியா என்று இரண்டு வருஷமாக அவளுக்குப் பிடிபடவில்லை.

ஏக்கருக்கு அறுபது ரூபாய் கூலி. மழை பெய்தால் அதுவும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை முழுக்க வீட்டில் உட்கார வேண்டியதுதான். தஞ்சாவூருக்குப் புதிதாக வந்த ட்ரோன் கம்பெனி மாதம் இருபத்திரண்டாயிரம் தருகிறேன் என்றது. ஐந்நூறு மணி நேரம் ஓட்டியதற்குப் பதிவு காட்டினால் போதும். அவள் ஓட்டியது எழுநூறுக்குக் குறையாது.

ட்ரோன் முதலாளி குணசேகரன் பைக்கில் வந்து இறங்கியதும் கேட்டாள்.

"அண்ணே, நான் ஓட்டுன பதிவு வேணும். சனிக்கிழமைக்குள்ள கேக்குறாங்க."

"போகப்போறியா?" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு செல்லைத் திறந்து காட்டினார். எழுநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம். மேலே பைலட் பெயர் குணசேகரன் என்று இருந்தது.

அவள் சேர்ந்த புதிதில் லைசென்ஸ் வரத் தாமதமானதால் அவர் லாகினில் ஓட்டினாள். வந்த பிறகும் அதிலேயே ஓட்டினாள்.

"மாத்தியிருக்கலாம்லண்ணே?"

"மானியத்துக்கு ஒரே பேரா இருந்தா சுளுவுன்னு விட்டுட்டேம்மா. நீயும் கேக்கலையே."

"நான்தான் ஓட்டுனேன்னு ஒரு லெட்டராவது குடுங்க."

"குடுத்தா, ஆரம்பத்துல லைசென்ஸ் இல்லாம ஏன் ஓட்ட விட்டேன்னு என்னையத்தான் பிடிப்பாங்க."

சனிக்கிழமை கம்பெனி அலுவலகத்தில் வானதி என்ற அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டாள்.

"நீங்க சொல்றத நம்புறேங்க. ஆனா பதிவு இல்லேன்னா ட்ரெய்னிதான். ஒரு வருஷம், ஒம்பதாயிரம்."

வெயில் காலத்தில் குணசேகரனிடமே இதைவிடக் கூடக் கிடைக்கும். ஆனால் ஐப்பசி பிறக்க எட்டு நாள்தான் இருந்தது. எழில்மொழி கையெழுத்துப் போட்டாள்.

முதல் நாள் சொல்லிக்கொடுக்க வந்தவன் சேரன். பேராவூரணிக்காரன், அவளைவிட இளையவன். "பயப்படாதீங்க மேடம், மெதுவா" என்று ரிமோட்டைத் தானே பிடித்து ஓட்டிக்காட்டினான். திடீரென்று காற்று தூக்கி அடித்தது. ட்ரோன் கரண்டு கம்பியை நோக்கிச் சாய்ந்தது. சேரனுக்குக் கை ஓடவில்லை. அவள் ரிமோட்டை வாங்கி, காற்றுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத் திருப்பி, வரப்போரம் பதமாக இறக்கினாள்.

"நல்லவேளை மேடம்! எங்க கத்துக்கிட்டீங்க?"

"வயல்லதான்."

சேரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஓட்டிய நேரம் குறிக்கும் நோட்டை எடுத்தான். தன் பெயருக்கு நேரே பதினோரு நிமிடம் என்று எழுதினான். அவள் பார்ப்பதைக் கண்டு சங்கடமாகச் சிரித்தான்.

"ட்ரெய்னி பேர்ல ஏறாதுங்க மேடம். ரூல்ஸ்."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, மருந்து டப்பாவைக் கழற்றி, கழுவுவதற்கு வாய்க்கால் பக்கம் எடுத்துக்கொண்டு போனாள்.